பெரியப்பா கூத்து ஜமாவுக்கு கிராண்ட் நின்னு போச்சு, பசங்களை தை வரைக்கும் எப்படி தக்க வெக்கிறது?

செய்யாத்தங்கரை:

வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்க பெரியப்பா தெருக்கூத்து வாத்தியாரு. செய்யாறுக்கும் வந்தவாசிக்கும் நடுவுல ஒரு கிராமம், ஊர் பேரு இங்க வேணாம். ஜமால ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை (சின்ன நாயனம் மாதிரி ஊதறது) எல்லாம் சேத்து 14 பேரு. அதுல அஞ்சு பேரு சின்னப் பசங்க, 17ல இருந்து 22 வயசு, மூணு நாலு வருஷமா பெரியப்பாகிட்டயே இருந்து அடவு, பாட்டு, வேஷம் கட்டறதுன்னு எல்லாம் கத்துக்கிட்டு இருக்கானுங்க. ஜமாவுக்கு ஒரு அரசு கிராண்ட் வந்துட்டு இருந்துச்சு (எந்த ஆபீஸுன்னு எழுதல, பெரியப்பாவுக்கு வம்பு வேணாம்), மொத்தமா எப்பயோ ஒரு தடவ வரும், லேட்டா வரும், ஆனா வரும். போன வருஷம் லிஸ்ட்ல எங்க பேரு இல்ல. ஏன்னு கேட்டு ரெண்டு லெட்டர் போட்டாச்சு, பதில் கிடையாது.

சீசன்ல பிரச்சனை இல்ல. பங்குனியில ஆரம்பிச்சி ஆடி வரைக்கும் அம்மன் கோயில் திருவிழா, பாரதம்னு ஆட்டம் ஓடிடும். புரட்டாசி ஐப்பசி கார்த்திகை மார்கழி இந்த நாலு மாசம் தான் உயிர் போவுது. கருமாதிக்கு கர்ண மோட்சம் வெப்பாங்க பாருங்க, அந்த மாதிரி நாலு மாசத்துக்கு அஞ்சாறு ஆட்டம் கிடைக்கும், அவ்ளோதான். கிராண்ட் பணத்துல தான் பெரியப்பா அந்த நாலு மாசம் பசங்கள வீட்டுல வெச்சி சோறு போட்டு புது ஆட்டம் சொல்லிக் குடுப்பாரு.

இப்ப ரெண்டு பேரு போய்ட்டானுங்க. ஒருத்தன் கேட்டரிங். இன்னொருத்தன் ஷூ கம்பெனி, அவன் தான் துரியோதனன் கட்டறவன். இந்த வருஷம் ஒரு ஊர்ல படுகளம் (துரியோதனன் சாவற ஆட்டம்), விடிய விடிய அவன் ஷிப்ட்ல இருந்துட்டு நேரா வந்து மேக்கப்புக்கு உக்காந்தான், காலையில ஆடி முடிச்சி மார்பதக்கத்த அவுத்தா உள்ள கழுத்துல கம்பெனி ஐடி கார்டு தொங்குது, அவனுக்கே தெரியல.

கேள்வி இது தான். ஆன்லைன்ல கிரவுட்ஃபண்டிங் போடலாமா, யூட்யூப் ஆரம்பிக்கலாமா, கம்பெனிங்க சமூகச் செலவுக்குன்னு ஒதுக்கற சிஎஸ்ஆர் பணம் குடுப்பாங்கன்றாங்களே அது நம்மள மாதிரி ஆளுக்கு நடக்குமா? யாராச்சும் செஞ்சி பாத்தவங்க சொல்லுங்க. பெரியப்பா போட்ட கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு, "அழுவற மாதிரி போட்டோ போட்டு துட்டு கேக்கக் கூடாது".

கணக்குப்புள்ள:

மொதல்ல கிராண்ட் உண்மையிலேயே கட் ஆச்சா, இல்ல பேப்பர் எங்கயாவது சிக்கிக்கிட்டு நிக்குதான்னு பாருங்க. ரெண்டும் வேற வேற. நீங்க சொல்றத வெச்சி பாத்தா மத்திய கலாச்சார அமைச்சகத்தோட குரு-சிஷ்ய பரம்பரை ஸ்கீமா இருக்கலாம், குருவுக்கு மாசம் 15,000, பெரிய சிஷ்யருக்கு 10,000னு கணக்கு போடுவாங்களே அது. அதுல வாங்கின பணத்துக்கு செலவுச் சான்று, அதான் யுடிலைசேஷன் சர்டிபிகேட், ஆடிட்டர் கையெழுத்தோட போகலன்னா அடுத்த வருஷம் ஃபைல் நகராது. தொண்டு அமைப்புங்க பதிவு பண்ற தர்ப்பண் போர்டல்ல ஜமா பேரும் பேங்க் அக்கவுண்ட் பேரும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க, ஒரு இனிஷியல் வித்தியாசத்துக்கு ஆறு மாசம் அலஞ்ச குழுவ எனக்குத் தெரியும். எல்லாம் சரியா இருந்தும் பதில் இல்லன்னா ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போடுங்க, 10 ரூபா, 30 நாள்ல எதாவது ஒண்ணு எழுதித்தான் ஆகணும்.

சிஎஸ்ஆர் பத்தி. சட்டப்படி இடம் இருக்கு, 2013 கம்பெனி சட்டத்துல ஏழாவது அட்டவணையில பாரம்பரியக் கலை வளர்ச்சின்னு தெளிவாவே இருக்கு. ஆனா ஜமா ஒரு சொசைட்டியாவோ ட்ரஸ்ட்டாவோ ரிஜிஸ்டர் ஆகி இருக்கணும் (சொசைட்டின்னா நம்ம மாநில சட்டப்படி குறைஞ்சது 7 பேரு), 12ஏ (ஜமாவுக்கு வரிவிலக்கு), 80ஜி (குடுக்கறவங்களுக்கு வரிக் கழிவு) பதிவு வேணும், அதுக்கு மேல சிஎஸ்ஆர்-1 ஃபாரம். இவ்ளோவும் ஆக ஒரு வருஷம் புடிக்கும். உங்க பசங்களுக்கு அவசரம் இந்த ஐப்பசிக்கு. அதனால ஒரு பக்கம் ஆரம்பிச்சி வைங்க, நம்பி உக்காராதீங்க.

அரைத்திரை:

நான் சென்னையில நவீன நாடகம் பண்ற ஆளு. கிராண்ட் நின்னா என்ன ஆகும்னு எங்களுக்கு நல்லாத் தெரியும். 1977ல ந. முத்துசாமி ஆரம்பிச்ச கூத்துப்பட்டறை கூட ஃபோர்டு ஃபவுண்டேஷன் பணம் இருந்தப்ப தான் நடிகருங்களுக்கு சம்பளம் குடுத்து முழுநேரக் குழுவா வெச்சிக்க முடிஞ்சுது. வெளிப்பணம்ன்றது வர்ற வரைக்கும் தான்.

என் யோசனை, ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு ஷோ சுருக்குங்க. சென்னையில சின்ன ஹால்ல 150 பேரு உக்காருவாங்க, டிக்கெட் 300 வைங்க. 500 ரூபா வரைக்கும் நாடக டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஹால் வாடகை, லைட்டு, வேன் போக 20,000 கையில நிக்கும். மாசம் ரெண்டு பண்ணினா ஓடும். ஹால் விஷயம் நான் பாத்துக்கறேன்.

தலைக்கட்டு:

அரைத்திரை சார் தப்பா எடுத்துக்காதீங்க, உங்க கணக்குல 150 டிக்கெட்டும் வித்துடுது. மொத ஷோ விக்கும், மூணாவது ஷோவுக்கு யாரு வருவா? ஒண்ணரை மணி நேரத்துல கட்டியங்காரன் வந்து ஊர் வம்பு பேசி சிரிக்க வெச்சி முடிக்கவே முக்கா மணி ஆகும். மேடையில எரவது நிமிஷத்துக்கு அபிமன்யுவ செத்துப் போக வெச்சா கத்துக்கற பசங்களுக்கும் அது தான் கூத்துன்னு ஆயிடும்.

நான் எங்க ஊர் திரௌபதி அம்மன் கோயில் விழாக் கமிட்டியில பத்து வருஷமா இருக்கேன். பணம் இல்லன்னு யாரும் சொல்லாதீங்க, பணம் இருக்கு, எங்க போவுதுன்றது தான் விஷயம். எங்க ஊர்ல 220 தலைக்கட்டு (வரி குடுக்கற குடும்பம்), போன வருஷம் தலைக்கட்டுக்கு 1,500 வரி. கணக்கு போட்டுக்கோங்க, 3,30,000. இதுல பாட்டுக் கச்சேரிக்கு 1,20,000, வாணவேடிக்கை 60,000, சீரியல் லைட்டுக்கு ஒரு தொகை, பூக்கட்டறவருக்கு ஒரு தொகை, கடைசியில கூத்துக்கு எவ்ளோ தெரியுமா, ராத்திரிக்கு 22,000. அதுலயும் அச்சாரம் குடுக்கும்போது "வாத்தியாரே ஒரு ரெண்டாயிரம் கொறச்சிக்க"ன்னு நம்மாளுங்க பேரம் பேசினாங்க. கச்சேரிக்காரன்கிட்ட பேசுனானுங்களா? வாய தொறக்கல.

கமிட்டியில இருக்கற இளவட்டம் சொன்னானுங்க, கூத்துக்கு யாருண்ணா முழிச்சிருப்பான்னு. சரி வாங்கடா பாக்கலாம்னு நான் ராத்திரி மூணு மணிக்கு எழுந்து போய் தலைய எண்ணினேன். 140க்கு மேல. பாதி கெழவிங்க, போர்வ போத்திக்கிட்டு, பக்கத்துல பேரப்புள்ளைங்க பாயில தூங்குது, கர்ணன் வரும்போது எழுப்புன்னு சொல்லிட்டு தூங்கினதுங்க. டீக்கடைக்காரரு ரெண்டாவது பால் கேன் வாங்க ஆள் அனுப்பினாரு. அன்பளிப்பு மட்டும் 50ம் 100மா 4,000 சேந்துச்சு, ஒவ்வொன்னுக்கும் கட்டியங்காரன் பேரு சொல்லி ஒரு கிண்டல் பண்ணுவான், அதுக்குன்னே சில பேரு ரெண்டு தடவ குடுப்பாங்க. கச்சேரி என்ன ஆச்சு? பத்தரைக்கு போலீஸ் வந்து ஸ்பீக்கர ஆஃப் பண்ணச் சொல்லிட்டாங்க, கூட்டம் கலஞ்சி போச்சு. 1,20,000 ரூபாய்க்கு ரெண்டு மணி நேரம்.

போலீஸ் விஷயம் கூத்துக்கும் வரும், ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000ல வந்த விதி. நாங்க என்ன பண்ணினோம், குழாய் ஸ்பீக்கர் எல்லாத்தையும் எறக்கிட்டோம். மைக்கே இல்லாத காலத்துல அத்தன ஜனத்துக்கும் கேக்கணும்னு தானே கூத்துக்காரன் அவ்ளோ உச்சத்துல பாடறான், முகவீணை அந்த சுதியில பின்னாடியே வருது. மைக்கு இல்லாமயே பாட்டு கடைசி வரிசை வரைக்கும் வந்துச்சி, வசனம் தான் கொஞ்சம் முன்னாடி நவுந்து உக்காந்து கேட்டாங்க.

இன்னொன்னு கவனிச்சிருக்கேன். அர்ச்சுனன் தபசு எந்த ஊர்லயும் நின்னு போகல. ஏன்னா தபசு மரத்துக்குக் கீழ புள்ள இல்லாத பொம்பளைங்க ஈரத்துணியோட மடிய ஏந்திக்கிட்டு நிப்பாங்க, மேல இருந்து அர்ச்சுனன் போடற எலுமிச்சம்பழம் மடியில விழணும்னு. அதுல கை வெக்க எந்தக் கமிட்டிக்கும் தைரியம் வராது. வேண்டுதலா இருக்கற கூத்து நிலைக்குது, புரோக்ராமா இருக்கற கூத்த வெட்டறாங்க. தம்பி, நீ கிரவுட்ஃபண்டிங் தேடறத விட்டுட்டு உன் பெரியப்பா போற 20 ஊர்ல கமிட்டிக்காரங்கள பாத்துப் பேசு. ராத்திரிக்கு மூவாயிரம் ஏத்திக் கேளு. குடுப்பாங்க.

ரிமோட்_எங்க:

போன்ல எல்லாம் இருக்கு, எட்டு மணி நேரம் எவன் உக்காருவான். காலம் மாறிடுச்சு, பசங்க கம்பெனிக்குப் போனா நல்லது தானே, பிஎஃப் புடிப்பாங்க.

தலைக்கட்டு:

பிஎஃப் நல்லது தான் தம்பி, அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா ஆடணும்னு நிக்கறவனையும் நாம தொரத்தணுமா?

மழைக்கோட்டு:

நான் இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கம் இருக்கேன், ஊரு ஆரணி தான். தலைக்கட்டு அண்ணன் எழுதினத படிச்சதும் இங்க பக்கத்துல நடந்தது ஞாபகம் வந்துச்சு. ஓல்டம்னு ஒரு பழைய மில் டவுன், நம்ம ஊரு பசங்களும் இருக்காங்க. அங்க கொலிசியம்னு ஒரு தியேட்டர், நாடகம் போடற தியேட்டர், 1885ல ஆரம்பிச்சது. கிறிஸ்துமஸ் சமயம் பாண்டோன்னு ஒண்ணு போடுவாங்க, நம்ம கட்டியங்காரன் மாதிரியே ஒருத்தன் ஆடியன்ஸோட வம்பிழுப்பான், ஊரே புள்ளகுட்டியோட போகும். 2022 நவம்பர்ல கலைக்கு அரசு பணம் பிரிச்சிக் குடுக்கற ஆர்ட்ஸ் கவுன்சில் அடுத்த மூணு வருஷ லிஸ்ட் விட்டாங்க, இந்த தியேட்டர் பேரு அதுல இல்ல. வருஷத்துக்கு ஆறு லட்சம் பவுண்டுக்கு மேல வந்துட்டு இருந்தது, அவ்ளோவும் போச்சு. 2023 மார்ச் 31 மூடிட்டாங்க. அந்த மேடையில ஆரம்பிச்சி டிவில பெரிய ஆளான நடிகருங்க, ஊர் ஜனங்க எல்லாம் சேந்து விடாம கூட்டம் போட்டாங்க, மனு குடுத்தாங்க. 2024 ஜூலையில திரும்பத் திறக்கப் போறோம்னு ஓல்டம் நகர கவுன்சில் சொல்ல வேண்டியதா போச்சு.

நான் இதுல பாத்தது, மூடறதுக்கு நாலு மாசம் போதும். திறக்கறோம்னு சொல்ல வெக்கவே ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுக்குள்ள செட்டு போடறவங்க, லைட்டுக்காரங்க எல்லாம் வேற வேலைக்குப் போய்ட்டாங்க. கட்டடமாவது அப்படியே நின்னுச்சு. ஜமாவுக்கு அது கூட கிடையாது, அந்த 14 பேரு தான் ஜமா. அதனால ரெண்டு பேரு போய்ட்டானுங்கன்னு செய்யாத்தங்கரை எழுதினத படிச்சப்ப கொஞ்சம் பயமா இருக்கு.

நான் 50,000 அனுப்பறேன், எப்படி அனுப்பறது?

கணக்குப்புள்ள:

நில்லுங்க நில்லுங்க. மழைக்கோட்டு, உங்க கையில இருக்கறது இந்திய பாஸ்போர்ட்டா பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டா? இந்திய பாஸ்போர்ட்டுன்னா உங்க என்ஆர்ஐ சம்பாத்தியத்த பேங்க் வழியா அனுப்பறதுல எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) வராது. பாஸ்போர்ட் மாத்தி ஓசிஐ கார்டு வெச்சிருந்தீங்கன்னா சட்டத்துக்கு நீங்க வெளிநாட்டு ஆள், எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத ஜமா அத நன்கொடையா வாங்கவே கூடாது. கிரவுட்ஃபண்டிங் போட்டாலும் இதே தலைவலி தான், யாரு எங்க இருந்து போட்டாங்கன்னு தெரியாம அக்கவுண்ட்ல வந்து விழும். பாசத்துல பண்ணிட்டு அப்பறம் பெரியவரு நோட்டீஸுக்கு பதில் எழுதிக்கிட்டு இருக்கக் கூடாது.

80ஜி கிடைச்சாலும் 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா கழிவு கிடையாது, புது வரி முறையில இருக்கறவங்களுக்கு அந்தக் கழிவே கிடையாது, அதையும் குடுக்கறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

ஆனா ஒண்ணு கேக்கறேன். ஏன் நன்கொடையா குடுக்கணும்? உங்க ஊர்ல, உங்க வீட்டுக்காரங்க பேர்ல, ஒரு ராத்திரி கூத்து வைங்க. ஆட்டத்துக்குக் கூலி. நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரைக்கும் கலைஞருக்கு ஜிஎஸ்டியும் இல்ல.

செய்யாத்தங்கரை:

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ வரும்னு நெனைக்கல. ஞாயித்துக்கெழம ஊருக்குப் போய் பெரியப்பாகிட்ட எல்லாத்தையும் படிச்சி காட்டினேன். ஓல்டம் கதைய ரெண்டு தடவ படிக்கச் சொன்னாரு. அப்பறம் நோட்டு எடுத்து கணக்கு போட்டோம்.

ஒரு ராத்திரிக்கு 25,000 பேசினா வேனுக்கு 4,000 போய் 21,000. 14 பங்கு, ஆளுக்கு 1,500. பெரியப்பா பசங்களுக்கும் முழுப் பங்கு தான் போடுவாரு, அதுக்கு ஜமால மிருதங்கக்காரரு இன்னும் முறைச்சிக்கிட்டு இருக்காரு, அது வேற கதை. ஷூ கம்பெனி பையன்கிட்ட கேட்டேன், எவ்ளோ வந்தா நிப்பன்னு. மாசம் ஆறாயிரம் நிச்சயமா வந்தா போதும்ணா, சாப்பாடு வாத்தியார் வீட்டுல தானேன்னான். அப்ப மாசம் நாலு ஆட்டம், நாலு மாசத்துக்கு 16. கருமாதி ஆட்டம் ஆறு கழிச்சா பத்து ராத்திரி. பத்தே பத்து ராத்திரி தான் குறையுது. கிராண்ட் கிராண்ட்னு மலை மாதிரி நெனச்சிட்டு இருந்தேன், நோட்டுல எழுதிப் பாத்தா இது தான்.

ஆனா கருமாதி ஆட்டத்த எப்படி நம்பறதுன்னு கேட்டுட்டேன், "யாரு எப்ப சாவான்னு நான் டைரியில எழுதி வெக்க முடியுமாடா"ன்னு ஒரே சத்தம்.

ஆர்டிஐ போட்டாச்சு. செலவுச் சான்று போயிருக்கு, ஆனா 2 பக்கம் ஸ்கேன்ல விட்டுப் போச்சாம், அனுப்பினவன் நான் தான், பெரியப்பாகிட்ட இன்னும் சொல்லல. ஜமால இருக்கற பெரியவங்க மூணு பேருக்கு நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை புதுப்பிக்கவே இல்ல, அதையும் இந்த வாரம் முடிக்கறேன்.

அரைத்திரை சார், சென்னை ஷோவுக்கு பெரியப்பா முடியாதுன்னு சொல்லல. சுருக்க மாட்டாராம். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சி விடியற வரைக்கும் ஹால் குடுப்பாங்களான்னு கேக்கறாரு.

அரைத்திரை:

ஹால்காரரு செத்தே போயிடுவாரு 😀 ஆனா வேற ஒண்ணு பண்ணலாம். புரிசையில கூத்து வாத்தியார் கண்ணப்ப தம்பிரான் நினைவா வருஷா வருஷம் விழா நடக்குதே, சென்னையில இருந்து நாங்கல்லாம் பஸ் புடிச்சி போய் விடிய விடிய தரையில உக்காந்து பாப்போம். நாங்க வர்றோம். எங்க குழுவும் நண்பர்களும் ஒரு 30 பேரு ஆளுக்கு 1,000 போட்டா ஒரு ராத்திரிக்கு மேலயே ஆச்சு. உங்க ஊர்லயே வைங்க, சாப்பாடு மட்டும் சொல்லிடுங்க, காசு குடுத்துடறோம். தலைக்கட்டு அண்ணன் சொன்னது சுருக்குனு தான் இருந்துச்சு, ஆனா சரி.

மழைக்கோட்டு:

பாஸ்போர்ட் மாத்திட்டேன், ஓசிஐ தான். அதனால எங்க அம்மாகிட்ட பேசினேன். எங்க அப்பாவுக்கு வருஷத் திதி கார்த்திகையில வருது. கருமாதிக்கே கர்ண மோட்சம் வெக்கணும்னு அம்மாவுக்கு ஆச, அப்ப கொரோனா நேரம், நாலு பேரு கூட வர முடியல, நானும் வரல. இப்ப வெக்கலாமான்னு கேட்டேன், அம்மா ரொம்ப நேரம் போன்ல ஒண்ணும் பேசல. அப்பறம் "அந்த முகவீணைக்காரரு வருவாரா"ன்னு கேட்டாங்க. காசு அம்மா பென்ஷன்ல இருந்து குடுப்பாங்களாம், எனக்கு இடமே இல்ல.

தலைக்கட்டு:

எங்க கமிட்டியில நேத்து பேசினேன். மார்கழியில ஒரு ராத்திரி, 25,000, பேரம் இல்ல. ஒரு ஆளு மட்டும் எழுந்து கச்சேரி வெக்கலாம்னான், மூணு மணிக்கு தல எண்ணின கதைய திரும்ப சொன்னேன், உக்காந்துட்டான். அச்சாரத்துக்கு வெத்தல பாக்கோட என்னைக்கு வரட்டும்?

செய்யாத்தங்கரை:

அண்ணா புதன்கெழம வாங்க, செவ்வாய் வேணாம்ன்றாரு பெரியப்பா.

மழைக்கோட்டு அண்ணா, முகவீணைக்காரரு வருவாரு. கார்த்திகைன்னா மழை இருக்கும், தெருவுல வெக்க முடியாது. உங்க தெரு முனையில ஸ்கூல் பக்கத்துல ஒரு பெரிய கொட்டாய் இருக்கும்னு அம்மா சொன்னாங்களாம், அதுல மேல ஓட்டு உயரம் எவ்ளோன்னு யாரையாவது பாத்து சொல்லச் சொல்லுங்க. கர்ணன் கிரீடம் கட்டிக்கிட்டு எகிறி குதிச்சா இடிக்கக் கூடாது, பையன் ஆறடி.